பதில் வந்தால் ஆள்

"அவங்களை உட்காரச் சொல்லேன், எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க?" "யாரைங்க?" "வந்திருக்காங்களே, நீலமா உடுத்திக்கிட்டு, அவங்களைத்தான்." "இங்க நம்ம ரெண்டு பேரை விட்டா யாரும் இல்லீங்க." "மெதுவாப் பேசு. காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவாங்க."

மனசு கஷ்டப்படுவாங்களாம்... எவள் மனசு? ஜன்னலோரத்து வெறும் நாற்காலிக்கு ஒரு மனசு இருக்கிறது, அது கஷ்டப்படும், ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றவளுக்கு இருப்பது என்ன, கட்டையா கல்லா என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டதை, மருத்துவமனையின் இந்த நீண்ட தாழ்வாரத்தில் உட்கார்ந்து இப்போதும் அவள் மென்றுகொண்டிருந்தாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பக்கத்தில் அவர், வெள்ளைச் சட்டையும் பையில் குத்திய பென்சிலுமாக, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பென்சிலை மட்டும் விட்டதில்லை, கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுப் போட்டுக் காய்த்த விரல்கள் மடியில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த 'ங்க'வைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாய்த்ததெல்லாம் வா, போ, இந்தா, எங்க இருக்க. அதை ஒரு குறையென்று அவள் நினைத்ததே இல்லை, உரிமை என்றுதான் நினைத்திருந்தாள், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி வந்து வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்று மரியாதையை மொத்தமாக அள்ளிக் கட்டிக்கொண்டு போகும்வரை. சக்களத்தி என்றால் பிடித்து இழுக்க ஒரு கொண்டையாவது வேண்டாமா? நீலக்காரிக்கு அதுவும் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி. ஞாபகச் சோதனை செய்கிற பெண்ணுக்கு அவர்களுடைய மகள் வயதுதான் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, குரலில் அவசரமே இல்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்குங்க. ஐயா திணறினாலும் நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது, சரிங்களா?" எடுத்துக் கொடுக்கக் கூடாதாம், இத்தனை வருஷமாக வேறு என்ன வேலை அவளுக்கு, கண்ணாடி எங்க, குடை எங்க, அந்த ஆள் பேரு என்ன, எல்லாம் அவள் எடுத்துக் கொடுத்துத்தானே நடந்தது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு, முன்பல் தெரிகிற சிரிப்பு, வீட்டில் அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று... "வீட்ல என்னம்மா வித்தியாசமாத் தெரியுது?" என்று அந்தப் பெண் கேட்டபோது, அவள் தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள், மறதிதான், சாவியை வச்ச இடம் தெரியல, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கறாரு, ஒரு நாள் நல்லா இருக்காரு, மறுநாள் மந்தமா இருக்காரு, வயசாயிடுச்சு இல்லையா. நீலக்காரியைப் பற்றி மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது, என் வீட்டுக்காரர் ஒருத்தியை வீட்டுக்குள்ளேயே கூட்டி வைத்திருக்கிறார், அவள் எனக்குத் தெரிவதில்லை என்றா? கேட்டால் வாயால் சிரிக்க மாட்டார்கள். அவரிடமும் புறப்படும்போதே சொல்லியிருந்தாள், அந்தப் பேச்சை அங்க எடுக்காதீங்க, மானம் போயிடும். அவரும் தலையாட்டியிருந்தார். போதாததற்குக் கைப்பையில் நாத்தனார் கொடுத்த மாத்திரை அட்டை. தன் மாமியாருக்குக் கொடுத்ததாம், அவரும் இல்லாததையெல்லாம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாராம். "அரை மாத்திரை போடு அண்ணி, எவளா இருந்தாலும் ஓடிடுவா," என்று சொல்லிவிட்டு வேறு சிரித்தாள். ஓடிடுவா... அந்த வார்த்தை அவளுக்குச் சர்க்கரையாக இனித்தது, இன்று சோதனை முடியட்டும், சாயங்காலம் டீயில் கலந்து கொடுத்துவிடலாம், அரை எதற்கு, முழுசாகவே கொடுக்கலாம்.

"ஐயா, அஞ்சு வார்த்தை சொல்றேன். மனசுல வச்சுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேப்பேன். படகு, பூட்டு, எலுமிச்சை, சட்டை, கிளி." அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவளும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், படகு, பூட்டு... தனக்கே நாலாவது நழுவியது. அவர் மறந்துவிடுவார் என்று தெரியும், மறக்க வேண்டும் என்றுகூட, அட, இது என்ன நினைப்பு, பெண்டாட்டி நினைக்கிற நினைப்பா இது... ஆனால் மறந்துவிட்டால் நல்லதுதானே, மறதி என்றால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று, சாவியை மறந்தார், கண்ணாடியை மறந்தார், பெண்டாட்டிக்கு மனசு இருப்பதையும் மறந்தார், அதில் ஓரவஞ்சனை இல்லை. மறக்கவில்லை என்றால்? மறக்கவில்லை என்றால் ஜன்னலோரத்தில் வந்து உட்காருகிறவள் ஞாபகத்திலிருந்துதான் எழுந்து வருகிறாள் என்று ஆகும், ஞாபகத்திலிருந்து என்றால் அவள் யாரென்று இவளுக்கு நன்றாகவே தெரியும்.

தலைமுடிக்காரி. அவருடைய அலுவலகத்தில் வரைபடங்களை மெல்லிய தாளில் படியெடுத்தவள், உண்மையான பெயர் அவர் எப்போதோ சொன்னதுதான், இவள்தான் அதை வாயில் வைக்க மனமில்லாமல் தலைமுடிக்காரி என்றே வைத்துக்கொண்டாள், காரணம் அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது, "அவ கோடு போட்டா தலைமுடி மாதிரி இருக்கும், எங்கயும் தடிக்காது, எங்கயும் அறுந்து போகாது." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இவள் வைத்த குழம்பை, தைத்த திரையை, வளர்த்த பிள்ளையை, எதையாவது அவர் அப்படி ஒரு உவமை சொல்லிப் பாராட்டியிருக்கிறாரா? வரைபடங்களை நகலெடுக்கும் அறையின் அமோனியா நெடி சட்டையோடு வீட்டுக்கு வரும், துவைக்கப் போடும்போதெல்லாம் முகத்தில் அடிக்கும், அந்த அறையில் அவளும்தானே நின்றிருப்பாள் என்று இவள் இரண்டு முறை சோப்புப் போடுவாள். தலைமுடிக்காரி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், பேச்சும் நின்றது, நெடியும் போயிற்று. போனவள் இத்தனை வருஷம் கழித்து நீலத்தில் திரும்பி வந்திருக்கிறாள், இவள் மட்டும் கிழவியானாள், அவள் ஆகவில்லை, இது எந்த ஊர் நியாயம்?

"இந்தப் படத்தைப் பாத்து அப்படியே போடுங்க ஐயா." ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கிற இரண்டு ஐங்கோணங்கள். அவளுக்கு உதடு கோணியது, யாருக்கு என்ன கேட்கிறார்கள், மீனுக்கு நீச்சல் சோதனையா, மூன்று மாடிக் கட்டடத்தை ஒரு தாளில் நிறுத்துகிற மனுஷருக்கு இது விரல் நொடிக்கிற வேலை. அவர் பையிலிருந்த தன் பென்சிலையே எடுத்தார், அதன் முனையை ஒருமுறை கட்டைவிரலில் தொட்டுப் பார்த்தார், அந்தத் தொடலை அவள் எத்தனை ஆயிரம் தடவை... கல்யாணமான புதிதில் வரைபலகைக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தவள் அவள்தானே. கோடு கிளம்பியது. நடுவழியில் நின்றது. அவர் தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். இரண்டாவது கோடு முதல் கோட்டைச் சந்திக்காமல் எங்கேயோ போயிற்று, மூன்றாவது அதன் மேலேயே ஏறியது, ஒரு மூலையைத் தேடித் தேடிப் பென்சில் ஒரே இடத்தில் தாளைத் துளைத்தது. "மூலை... மூலை எங்கயோ போயிடுச்சும்மா," என்றார் அவர், அந்தப் பெண்ணிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். பின்னால் உட்கார்ந்திருந்தவள் நாற்காலி நுனிக்கு வந்தாள், எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே. அப்போதும் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன மனசு என்ன நினைத்தது தெரியுமா, இதை அவர் என்னிடம் சொல்லவில்லையே, மூலை காணாமல் போனது எத்தனை நாளாகவோ, முதன்முதலில் கேட்கிற காது ஒரு வேற்றுப் பெண்ணுடையதாக இருக்கிறதே என்று.

அந்தப் பெண் கடிகாரம் வரையச் சொன்னாள், பதினொன்று பத்து காட்டச் சொன்னாள், எண்களெல்லாம் வலது பக்கமே ஒண்டிக்கொண்டன, மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டிகள் மாதிரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள், இரண்டு முறை குறைத்தவர் மூன்றாவதில் பேச்சை நிறுத்திவிட்டு சுவரைப் பார்த்தார், எங்கேயோ போய்விட்டு வந்தார், "என்ன கேட்டீங்க?" என்றார். சரி, எல்லாம் போய்விட்டது என்று அவள் நினைத்தபோதுதான் அந்தப் பெண் கேட்டாள், "முதல்ல அஞ்சு வார்த்தை சொன்னேனே ஐயா, அதுல எதாவது ஞாபகம் இருக்கா? இல்லைன்னா நான் ஒரு குறிப்புத் தரேன்." "குறிப்பு எதுக்கு," என்றார் அவர். "படகு, பூட்டு, எலுமிச்சை, சட்டை, கிளி." கிளியைச் சொல்லிவிட்டு மறுபடி அந்த முன்பல் சிரிப்பு.

பார்த்தாயா, என்றது அவளுக்குள் ஒன்று. உபயோகமில்லாத ஐந்து வார்த்தையை யாரோ ஒருத்திக்காகப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுக்க முடிகிறது, அப்படியானால் பெட்டி காலியாக இல்லை, உள்ளே எல்லாம் இருக்கிறது, தலைமுடிக்காரியும் இருக்கிறாள், மடிப்புக் கலையாத நீலத்தில்... கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், மாத்திரை அட்டை உள்ளே மொறுமொறுத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகமும் மாறியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு இவள் பக்கமாக நாற்காலியைத் திருப்பினாள். "அம்மா, மறதின்னு நாம ஒரே பேர்ல சொல்லிடறோம், அதுக்குள்ள பல வகை இருக்கு. ஒரு வகைல வார்த்தை உள்ள தங்கவே தங்காது, அது ஒரு பழம்னு எடுத்துக் கொடுத்தாலும் வராது. இன்னொண்ணுல உள்ள இருக்கும், எடுத்துக் கொடுத்தா வந்துடும். ஐயாவுக்கு எடுத்துக் கொடுக்கவே வேண்டியிருக்கல. ஆனா கண்ணு பாத்ததைக் கை போட மாட்டேங்குது, அதுவும் இத்தனை வருஷம் வரைஞ்ச கை. கவனமும் விளக்கு மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அணையுது. முடிவு டாக்டர்தான் சொல்லணும், ஆனா இப்படி வந்தா நான் ஒண்ணு கட்டாயம் கேக்கணும். இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியறாங்களா ஐயா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மானம் போயிடும் என்றாளே... மூலை தெரியாத மனுஷர், ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாத மனுஷர், அவள் சொன்ன அந்த ஒன்றை மட்டும் மறக்காமல் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. "ஒருத்தி வர்றா," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை, கோள் சொல்கிற குரல். "நீலமா உடுத்திக்கிட்டு. ஜன்னல்கிட்ட வந்து உக்காருவா. இவர் எழுந்து நின்னு மரியாதை பண்ணுவாரு." அந்தப் பெண் அதிர்ச்சியடையவில்லை, சிரிக்கவும் இல்லை, "ஒருத்திதானா?" என்றாள், ஏதோ வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிற மாதிரி. "சிலருக்குக் குழந்தைங்க கூட்டமா வருவாங்க, சிலருக்குப் பூனை. இந்த வகைல அது சகஜம்மா. நல்ல வேளை சொன்னீங்க. இதுக்காக மாத்திரை எதுவும் கொடுக்கலையே? ஆளை அடக்கற மாத்திரை சிலது இவங்களுக்கு ஆகவே ஆகாது, கைகால் மரம் மாதிரி விறைச்சுடும், சில பேர் படுக்கையில விழுந்து எழுந்திருக்கறதே இல்ல." அவள் கைப்பையைத் திறந்து அட்டையை மேஜை மேல் வைத்தாள். ஒன்றும் பிரிக்கப்படாத அட்டை. அந்தப் பெண் அதைத் திருப்பிப் படித்தாள், "இது அந்த வகைதாம்மா," என்று தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். முழுசாகவே கொடுக்கலாம் என்று நினைத்தவள் யார், இந்தக் கைதானே டீயைக் கலக்கும்...

ஆனாலும், சகஜமாமே. அவ்வளவுதானா? இத்தனை நாள் அவள் நெஞ்சில் மிளகாய் அரைத்தவள், தலைமுடிக்காரியும் இல்லை, எவளும் இல்லை, பூனை மாதிரி ஒன்று? கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவள் தவித்தாள், சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு போனால் எதிரி வீட்டில் ஆளே இல்லை. "அவங்க யாரு ஜாடை ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள், இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "முகம் சரியாத் தெரியாதும்மா. வரைபடத்துல வீட்டுக்குப் பக்கத்துல அளவுக்கு ஒரு ஆள் நிறுத்துவோம் இல்லையா, அது மாதிரி." அது மாதிரி. எத்தனை வரைபடத்தில் அந்த ஆளைப் பார்த்திருக்கிறாள், வாசற்கதவு எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக நிற்கும், கண் மூக்கு இல்லாமல். முக்காலியில் உட்கார்ந்து பென்சில் சீவிய காலத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறாள், இது யாருங்க என்று, யாருமில்ல, அளவுக்கு ஒரு ஆள் என்றார், அப்போது தொண்டை வரைக்கும் வந்தது இன்னொரு கேள்வி, வெளியே வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் யாரோ ஒரு உறவுப் பெண் என்னை வரைஞ்சு கொடுங்க மாமா என்று கேட்டு, "நான் வீட்டைத்தான் வரைவேன், வீட்டுக்குள்ள இருக்கறவங்களை இல்ல," என்று அவர் சொல்லியிருந்தார். பிறருக்குச் சொன்ன பதிலைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"அவங்க நிஜம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுதா ஐயா?" "சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது," என்றார் அவர் யோசித்து. "அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். நீங்க எனக்கு வச்சீங்களே சோதனை, அது மாதிரி நானும் ஒண்ணு. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டுப் பாப்பேன். பதில் வந்தா ஆள். வரலைன்னா விட்டுடுவேன்." "நல்ல வழிதான்," என்று சிரித்தாள் அந்தப் பெண். "ஆனா இப்பல்லாம் வீட்ல ரெண்டு பேர் பதில் சொல்றதில்லம்மா. ஒண்ணு நீலம். இன்னொண்ணு சமையல்கட்டு வாசல்ல நிக்கும், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. அப்படியே வீட்டுக்காரி மாதிரியே இருக்கும். நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், ஒரு வார்த்தை வராது. சரி, இதுவும் நிழல்தான்னு விட்டுட்டேன்."

அந்தப் பெண் இவளைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கத் தெரிந்தவள், "டாக்டரைக் கூட்டிட்டு வரேன், ரெண்டு பேரும் உக்காந்திருங்க," என்று எழுந்து போனாள், கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அறையில் இப்போது இவர்கள் மட்டும், மூலை இல்லாத ஐங்கோணமும் ஒருபக்கம் சாய்ந்த கடிகாரமும் மேஜை மேல். அவளுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. கோபத்தில் அவள் பேச்சை நிறுத்தியிருந்த நாட்களில் ஒன்று, சோற்றைத் தட்டில் வைப்பது, தட்டை நகர்த்துவது, அவ்வளவுதான், வாய்க்குப் பூட்டு. அவர் வாசலில் வந்து நின்று அவளையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார், தண்ணி குடிக்கிறீங்களா? ங்க. கேலி பண்ணுகிறார், நீலக்காரிக்குப் போட்ட 'ங்க'வின் மிச்சத்தை எனக்குக் கொட்டுகிறார் என்று உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு, திரும்பி நின்றுகொண்டாள். இன்னொரு தடவை கேட்டார், கொஞ்சம் பயந்த குரலில். அதற்கும் திரும்பவில்லை. கடவுளே, தெரியாத ஆளுக்குத்தானே 'ங்க' போடுவார்கள்... அது மரியாதை இல்லை, ஆசை இல்லை, இருட்டில் படி இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்ப்பது. எவளைப் பார்த்து எரிந்தாளோ அவள் பக்கத்திலேயே போய்த் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள், வாயை மூடிக்கொண்டு. கோபத்தில் அடிக்கடி வாயடைத்துக்கொண்ட இந்த ஒரு மாதமாகவா? அல்லது முக்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்தேவா? கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்காமல் நின்றவளுக்கும் அளவுக்கு நிற்கிற ஆளுக்கும் என்னதான் வித்தியாசம்?

அவர் நாற்காலியில் மெல்லத் திரும்பினார். கண்கள் அவள் முகத்தில் வந்து நின்றன, விலகின, மறுபடி வந்தன. வரைபலகையில் ஒரு அளவைச் சரிபார்க்கும்போது இப்படித்தான் பார்ப்பார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

ஆமாங்க என்று சொன்னால் போதும். வேண்டாங்க என்று சொன்னாலும் போதும், சோதனையில் தேறிவிடலாம். ஆனால் தண்ணீர் கேட்டால் நீலக்காரிக்கு வைத்த அதே கேள்விக்கு அதே பதிலாகத்தான் இருக்கும், அவள் வாயிலும் ஒரு நாள் வந்துவிடக்கூடிய பதில்... எந்த நிழலுக்கும் கேட்கத் தோன்றாததாக ஒன்று வேண்டும். அவள் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில், பென்சில் சீவிக் கொடுத்த காலத்து முக்காலியின் தூரத்தில் போட்டுக்கொண்டாள். மேஜையிலிருந்த தாளைத் திருப்பி எழுதாத பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். கோணலாக வரும், தெரியும். கண் ஓரிடத்திலும் மூக்கு ஓரிடத்திலும் போகும், இருக்கட்டும்.

"தண்ணி அப்புறம் குடிச்சுக்கறேங்க," என்றாள். "என்னை ஒரு தடவை வரைஞ்சு குடுங்க."